ஒரு தபாதான் கேப்பீங்களா

2024 நவம்பர் 21, வியாழக்கிழமை. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், ஒரு ஹோட்டலின் முதல் மாடியில், மாலை ஏழு மணிக்கு ஒன்பது பேருக்கு மேசை ஒதுக்கப்பட்டிருந்தது.

போன் செய்து மேசையை ஒதுக்கியவள் லிடியா. கார்களின் கதவுக்குப் பூட்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவள் தரப் பரிசோதகர். ஸ்லோவேனியா நாட்டில் இருக்கும் தாய்க் கம்பெனியிலிருந்து மாதேயா என்ற பயிற்சி மேலாளர் வந்திருந்தார். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் லைன் லீடர்கள் ஐந்து பேரையும் வெளியே அழைத்துப் போய்ச் சாப்பிட வேண்டும் என்பது அந்த அம்மாளின் விருப்பம். மீட்டிங் ரூமில் யாரும் வாயைத் திறப்பதில்லை, சாப்பாட்டு மேசையில்தான் மனிதர்களைத் தெரிந்துகொள்ள முடியும் என்று வருவதற்கு முன்பே மெயில் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் ஹெச்.ஆர். ஸ்ரீதருக்கு வியர்த்துவிட்டது.

"லிடியா, நீங்க இங்கிலீஷ் மீடியம்தானே? நம்ம ஆளுங்களுக்கு ஓட்டல்ல பேசற மாதிரி நாலு வார்த்தை சொல்லிக் குடுத்துடுங்க. அந்தம்மா முன்னாடி 'தம்பி, இங்க ஒரு சாம்பார்'னு கூவிடப் போறாங்க."

அப்படித்தான் அந்த வகுப்பு ஆரம்பித்தது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் கிடைக்கும் அரைமணி நேரத்தில், ட்ரெய்னிங் ரூமில், கேன்டீன் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு லிடியா சர்வராக நின்றாள். லைன் லீடர்கள் சாப்பிட வந்தவர்களாக உட்கார்ந்தார்கள். உண்மையில் அந்த மாதிரி ஓட்டலில் லிடியாவே ஒரே ஒரு முறைதான் சாப்பிட்டிருந்தாள், ஒரு கல்யாண நாளில். அன்றைக்கும் ஆர்டர் கொடுத்தவன் அவள் கணவன் ஜெபதாஸ், தமிழில். வகுப்புக்காக அவள் குன்றத்தூர் வீட்டில் உட்கார்ந்து யூடியூபில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவதைப் பார்த்துப் பாடம் தயார் செய்தாள். 'டேபிள் ஃபார் நைன்.' 'குட் வீ சீ த மெனு, ப்ளீஸ்?' முதலில் வருவது ஸ்டார்ட்டர், அப்புறம் மெயின் கோர்ஸ், கடைசியில் டெசர்ட். தண்ணீரையே இரண்டு விதமாகக் கேட்பார்கள், ஸ்டில்லா ஸ்பார்க்ளிங்கா, அதாவது வெறும் தண்ணீரா கேஸ் ஏற்றியதா என்று.

"இன்னா மேடம், தண்ணியிலயும் வெரைட்டியா?" என்றான் சுப்பிரமணி. மூன்றாம் லைனின் லீடர். எதையும் கிண்டல் பண்ணாமல் அவனால் விழுங்க முடியாது. "சரி, பரோட்டாவுக்கு இன்னும் கொஞ்சம் சால்னா ஊத்துன்னு சொல்றதுக்கு இன்னா?"

"குட் ஐ ஹேவ் சம் மோர் கிரேவி, ப்ளீஸ்?"

"இத்த சொல்லி முடிக்கறதுக்குள்ள பரோட்டா ஆறிப் பூடும் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் பாஞ்சாலி. இரண்டாம் லைனின் லீடர். வடக்குப்பட்டுக்காரி. தொழிற்சாலை திறந்த வருஷத்திலிருந்தே இருக்கிறவள். புதிதாக வரும் பெண்கள் ஸ்பிரிங் மாட்டத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டு அழும்போது அவர்களைப் பாஞ்சாலியிடம்தான் அனுப்புவார்கள். அவள் திட்டாமல், அவசரப்படுத்தாமல் சொல்லிக் கொடுப்பாள். மாதேயா முதல் நாளே லைனைச் சுற்றிப் பார்க்கும்போது அவளருகே வெகுநேரம் நின்றுவிட்டார்.

ஒரு நாள் வகுப்பில் லிடியா பிஸ்கட் தட்டைப் பாஞ்சாலியிடம் நீட்டி, "வுட் யூ லைக் சம் மோர்?" என்று கேட்டாள்.

பாஞ்சாலி சட்டென்று தன் தட்டின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடிக்கொண்டாள். "நோ, தேங்க் யூ."

லிடியா தட்டை எடுத்துக்கொண்டு சுப்பிரமணியிடம் போனாள். அவன் "எஸ், ப்ளீஸ்" என்று மூன்று பிஸ்கட்டை அள்ளிக்கொண்டான்.

பாஞ்சாலி கையைத் தட்டின்மேலேயே வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா மேடம், ஒரு தபாதான் கேப்பீங்களா?"

"இங்கிலீஷ்ல அவ்ளோதான்க்கா. வேணாம்னா வேணாம். அடுத்த ஆளுகிட்ட போயிடுவாங்க."

"இது இன்னா நியாயம்? எங்கூர்ல பந்தியில மொத தபா கேக்கும்போதே குடுன்னு சொன்னா பறக்காவெட்டின்னு பேர் வெச்சிருவாங்க. நாம வேணாம் வேணாம்னு சொல்லணும், அவங்க இல்ல இல்லன்னு எலைல போடணும். அப்டி போடலன்னா, மதிக்கல போலக்கீதுன்னு எழுந்து வந்துருவோம்."

"யக்கா, நீ வெள்ளைக்காரன் ஊட்டுக் கல்யாணத்துக்குப் போனா பட்டினிதான்" என்றான் சுப்பிரமணி, வாய் நிறைய பிஸ்கட்டோடு.

லிடியா அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். வேண்டும் என்றால் முதல் தடவையே எஸ், ப்ளீஸ். வெட்கப்படக் கூடாது. பாஞ்சாலி ஒவ்வொரு முறையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். கடைசியில் பொத்தாமலே சொன்னாள்.

அந்த விருந்துக்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருந்தது. அது தொழிற்சாலையில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் ஸ்லோவேனியாவுக்கு அனுப்பப் போகிறார்கள். திரும்பி வந்தால் ட்ரெய்னர் பதவி, ஸ்டாஃப் கிரேடு. மாதேயா அதற்குத்தான் ஆள் பார்க்கிறார் என்று பேச்சு அடிபட்டது. லைனில் நிற்க வேண்டாம் என்பதுதான் அதில் பாஞ்சாலிக்குப் பெரிது. அவளுக்குக் கெண்டைக்கால் நரம்புகள் முண்டு முண்டாகச் சுருண்டிருந்தன. பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி எதிர் சீட்டில் வைத்துக்கொள்வாள்.

அவர்கள் இருவருக்கும் ஒரே பஸ். வடக்குப்பட்டில் பாஞ்சாலி இறங்குவாள், குன்றத்தூரில் லிடியா. மற்றவர்கள் முன்னால் மேடம் என்று கூப்பிடுகிறவள் பஸ்ஸில் கண்ணு என்பாள்.

"கண்ணு, கேட்டா நான் போயிருவேன்" என்று ஒரு நாள் பஸ்ஸில் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தாள். "ஊட்டுக்காரரு ஒத்துக்கினாரு. எங்க மாமியார்கூட, போய்ட்டு வா, ஆறு மாசம்தானேன்னுச்சு. பாஸ்போர்ட்டும் வந்துருச்சி. யார்கிட்டயும் சொல்லிக்காத. கேக்கறதுக்கு முன்னாடியே ஆடறான்னு சொல்லுவாங்க."

அந்தப் பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவளே லிடியாதான். அவளுக்கும் ஆசை இல்லாமலில்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு வந்தவள். ஸ்டாஃப் கிரேடுக்கு இரண்டு முறை எழுதிப் போட்டு, இரண்டு முறையும் அவளைத் தாண்டி வேறு யாரோ போனார்கள். ஆனால் இது லைன் லீடர்களுக்கான இடம் என்று சொல்லியிருந்ததால் அவள் அந்தப் பக்கம் எண்ணத்தை ஓடவிடவில்லை. விடவில்லை என்றுதான் பிற்பாடு அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

விருந்து நன்றாகவே நடந்தது. ஸ்ரீதர் பயந்த மாதிரி யாரும் கூவவில்லை. மாதேயா ஐம்பது வயதுக்காரர், வெட்டிய நரைமுடி, சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும். அவருக்கு ஒரு பக்கம் லிடியா, மறுபக்கம் பாஞ்சாலி. மேசையின் அந்தக் கோடியில் சுப்பிரமணி சர்வரைக் கூப்பிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "குட் ஐ ஹேவ் சம் மோர் கிரேவி, ப்ளீஸ்?" என்றான். அசாமிலிருந்து வந்த அந்தச் சர்வர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சால்னாவாண்ணா?" என்று கேட்டான். மேசையே குலுங்கியது. லிடியா அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது மாதேயாவுக்கும் கண் காணாமல் போயிற்று.

சாப்பாடு முடிந்து சர்வர் வந்து, டெசர்ட் ஏதாவது வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். பாஞ்சாலியிடம்தான் முதலில் கேட்டான். அவள் ஒரு கணம் லிடியாவைப் பார்த்தாள். பிறகு தெளிவாக, "எஸ், ப்ளீஸ். ஐஸ்கிரீம்" என்றாள். மாதேயா கை தட்டினார். பாஞ்சாலியின் முகத்தில் பரீட்சை எழுதி முடித்தவளின் நிம்மதி.

ஸ்ரீதர் வேன் டிரைவரைத் தேடிக் கீழே போயிருந்தார். பிளான்ட் மேனேஜர் அந்தக் கோடியில் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார், மற்ற லைன் லீடர்கள் அவரைச் சுற்றி. அப்போது மாதேயா நாற்காலியைப் பாஞ்சாலி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் லிடியாவுக்கு இடம் விட்டுவிட்டுப் பேசினார்.

இந்த வாரம் பார்த்ததில் உன்னைப் போல ஒரு ஆசிரியரை நான் எந்த ஆலையிலும் பார்க்கவில்லை. பிப்ரவரியில் ஆறு மாதம் எங்களிடம் வர முடியுமா? இங்கே திரும்பி வந்ததும் நீதான் ட்ரெய்னர். இது கட்டளை இல்லை. உனக்கு விருப்பமா?

லிடியா ஒன்று விடாமல் தமிழில் சொன்னாள்.

பாஞ்சாலியின் முகம் சிவந்துபோயிற்று. தலை குனிந்தது. ஐஸ்கிரீம் கிண்ணத்தை ஒரு கையால் தள்ளி வைத்துவிட்டு, "ஐயோ, எனக்கு இன்னாத்துக்கு மேடம் அதெல்லாம்?" என்றாள். சிரிப்பு தாளாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "படிச்சவங்க எத்தினி பேர் கீறாங்க. எனக்கு வேணாம், வேற யாருக்குனா குடுக்கச் சொல்லுங்க."

மாதேயா லிடியாவைப் பார்த்தார்.

அந்த இடத்தில் லிடியா சொல்லியிருக்க வேண்டியது எது என்பதில் அவளுக்கு அப்போதே சந்தேகம் இருக்கவில்லை. இவர் சம்மதம் சொல்கிறார், எங்கள் ஊரில் சம்மதம் இப்படித்தான் ஆரம்பிக்கும், இன்னொரு தடவை கேளுங்கள். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் அவள் நாக்கில் இருந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"ஷி சேஸ் நோ, தேங்க் யூ. ஷி சேஸ் கிவ் இட் டு சம்ஒன் எல்ஸ்."

மாதேயாவின் முகம் வாடியது. "ஃபேமிலி?" என்று கேட்டார்.

மாமியார் போகச் சொன்னதும், கணவன் ஒத்துக்கொண்டதும், பாஸ்போர்ட் வந்ததும் எல்லாம் தெரிந்த லிடியா, தோளை லேசாகக் குலுக்கி, "பெர்ஹேப்ஸ்" என்றாள்.

மாதேயா பாஞ்சாலியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டு, "ஐ அண்டர்ஸ்டேண்ட்" என்றார். பாஞ்சாலி மலர்ந்து சிரித்தாள். கையைப் பிடித்துவிட்டார், இனி வற்புறுத்துவார் என்று அவள் நினைத்துக்கொண்டாள் என்பது லிடியாவுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. மாதேயா கையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். வேகமான ஆங்கிலத்தில், லைன் லீடர்தான் வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை, சொல்லித்தரத் தெரிந்த ஆள்தான் வேண்டும், நீயும் சொல்லித்தருகிறவள்தானே, இவர்கள் இன்று பேசிய ஆங்கிலத்தைப் பார்த்தேனே, உனக்கு விருப்பமா, என்று கேட்டார்.

"ஐ'ட் லவ் டு" என்றாள் லிடியா.

யாராவது எதற்காவது அழைத்தால் சொல்ல வேண்டியது என்று வகுப்பில் அவளே சொல்லிக்கொடுத்த வாக்கியம். முதல் தடவையிலேயே சொன்னாள்.

பாஞ்சாலி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற பூரிப்போடு. வேனில் ஏறியதும் லிடியாவின் தொடையில் தட்டினாள்.

"இன்னா கண்ணு சொல்றாங்க?"

"யோசிப்பாங்க போலக்கா."

"யோசிக்கட்டும், யோசிக்கட்டும். நாளைக்குக் கேப்பாங்க." பாஞ்சாலி ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டாள். "எடுத்த எடுப்புல சரின்னா நம்பள இன்னான்னு நெனைப்பாங்க?"

மறுநாள் பாஞ்சாலி யூனிஃபார்மை இஸ்திரி போட்டு, தலை நிறைய மல்லி வைத்துக்கொண்டு வந்தாள். லைனில் பூ வைக்கக் கூடாது என்று விதி. செங்கமலம் என்ற பெண் அதை ஞாபகப்படுத்தியபோது, "இன்னிக்கு ஒரு நாள் உடு" என்றாள். மதியம் மாதேயா விடைபெறுவதற்காக ஒவ்வொரு லைனாக வந்தார். பாஞ்சாலியின் முன்னால் நின்றார். கை குலுக்கினார். "தேங்க் யூ ஃபார் எவ்ரிதிங், பாஞ்சாலி" என்று பெயரைச் சரியாகச் சொன்னார். அடுத்த லைனுக்குப் போய்விட்டார். லிடியா தூண் மறைவில் அளவு பார்க்கும் கேஜ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். பாஞ்சாலி, போகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டு, திரும்பி வருவார் என்பது போல இருந்த இடத்திலேயே நின்றாள். பெல்ட்டில் பூட்டுகள் சேர்ந்துவிட்டன. அவற்றைச் செங்கமலம்தான் ஒதுக்கினாள்.

டீ நேரத்தில் பாஞ்சாலியே வந்தாள். "ஏர்போர்ட்டுக்குப் போற அவசரம், பாவம். மெயில்ல கேப்பாங்க, இல்ல?"

"கேப்பாங்கக்கா" என்றாள் லிடியா.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு அவளுக்குத் தோன்றியது. ஹோட்டலில் நடந்தது ஒரு கண்ணிமைப்பு. யோசிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேரே சொன்னது.

வீட்டில் ஜெபதாஸ் பூரித்துப்போனான். அவனுக்கு வேறொரு தொழிற்சாலையில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். தூங்கி எழுந்த கண்ணோடு அடுப்படியில் வந்து நின்று, "ஸ்லோவேனியாவுல சர்ச்சு இருக்குமா? குளிருக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "லைன் லீடருங்களுக்குன்னு தானே சொன்ன? அவங்க யாரும் கேக்கலியா?" என்றான்.

"கேட்டாங்க. வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"ஒரு அக்கா."

"கெடைக்கறத வேணாம்பாங்களா? என்ன ஜனமோ" என்றபடி அவன் குளிக்கப் போனான்.

டிசம்பர் முதல் ஞாயிறு, சர்ச்சில் திருவிருந்து ஆராதனை. அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து போய் மண்டியிட்டார்கள். பாவத்தை மறைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் லிடியா. தன் வரிசை எழுந்தபோது அவள் முழங்காலைச் சாய்த்து மற்றவர்களுக்கு வழி விட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். திரும்பி வந்த ஜெபதாஸ், "ஏன் போகல?" என்று முணுமுணுத்தான். "வயிறு சரியில்ல" என்றாள். அவனோடு சேர்த்து, அந்தப் பத்து நாளில் அவள் பொய் சொல்லாத ஆளே இல்லை என்று ஆகிவிட்டது.

திங்கட்கிழமை அவள் மாதேயாவுக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் முதலில் மறுப்பது மரியாதை; இரண்டாவது, மூன்றாவது முறை கேட்டால்தான் மனதில் உள்ளது வரும்; தயவுசெய்து பாஞ்சாலியிடம் இன்னொரு முறை கேளுங்கள், என்று எழுதினாள். அதன் கீழே, குடும்பமா என்று நீங்கள் கேட்டபோது நான் சொன்ன பதில் உண்மையல்ல, அவருடைய வீட்டில் எல்லோரும் சம்மதித்திருந்தார்கள், அது எனக்குத் தெரியும், என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். இந்த மெயில் ஸ்ரீதருக்கும் போகும், பிளான்ட் மேனேஜருக்கும் போகும். கடைசி வாக்கியத்தை அழித்தாள். அழித்த பிறகும் மெயில் நன்றாகத்தான் இருந்தது, ஒரு நல்ல தோழி எழுதியது போல. அனுப்பினாள்.

பதில் மறுநாளே வந்துவிட்டது. நீ உன் தோழிக்காகப் பேசுவது எனக்கு மகிழ்ச்சி, ஆனால் நான் அவரிடம் நேரிலேயே கேட்டேன், அவர் இல்லை என்று சொன்னார், என்று மாதேயா எழுதியிருந்தார். ஒரு பெண் இல்லை என்று சொன்ன பிறகு, ஆமாம் சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருக்கும் மேலாளராக நான் இருக்க மாட்டேன். என் சிறு வயதில் என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. குடும்பம் காரணமாக இருக்கலாம் என்று நீயும் சொன்னாய். இந்த வாய்ப்பை எடுத்துக்கொள்வதில் நீ குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. பிப்ரவரியில் சந்திப்போம்.

லிடியா அதைப் பலமுறை படித்தாள். அதில் அந்த அம்மாளைக் குறை சொல்ல ஒரு வரியும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

எழுந்து ஸ்ரீதரின் அறைக்குப் போனாள்.

"சார், நான் போகலன்னா அந்த எடத்துக்குப் பாஞ்சாலி அக்காவ அனுப்புவீங்களா?"

ஸ்ரீதர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். "என்ன லிடியா, மறுபடியும் அதேவா? நீங்கதானே டிரான்ஸ்லேட் பண்ணீங்க? அவங்க வேணாம்னு சொன்னாங்களா, இல்லியா?"

"சொன்னாங்க."

"அப்புறம் என்ன? நீங்க போகலன்னா எடம் புனே பிளான்ட்டுக்குப் போயிடும். அவங்க ஏற்கெனவே கேட்டுக்கிட்டு இருக்காங்க. நம்ம பிளான்ட்டுக்கு ஒண்ணுமில்லாம போயிடும், பரவாயில்லியா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

வெளியே வந்தபோது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. தான் விட்டுக்கொடுத்தாலும் பாஞ்சாலிக்குப் பயன் இல்லை. அப்படியானால் போகலாம். இந்த நிம்மதியோடு லாக்கர் ரூம்வரை நடந்தாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததும், அந்தக் கேள்வியைத் தான் எதற்காகக் கேட்டோம் என்பது விளங்கியது. ஸ்ரீதரிடம் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. அதைச் சொல்லாமல், இல்லை என்ற பதில் வரும் கேள்வி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு முகம் எரிந்தது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் லிடியாவின் போட்டோவோடு வாழ்த்துச் செய்தி வந்தது. சுப்பிரமணி முதல் ஆளாகக் கேன்டீனில் சத்தம் போட்டான். "மேடம், அங்க போய் சால்னா கெடைக்கலன்னா எனக்கு ஒரு போன் போடுங்க!" யாரோ ஸ்வீட் எங்கே என்றார்கள். லிடியா சிரித்தாள். பாஞ்சாலி அந்த மேசையில் இல்லை.

பஸ்ஸில்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினாள். காலைத் தூக்கி வைக்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த சாலையில் கன்டெய்னர் லாரிகள் சேற்றை வாரியடித்துக்கொண்டு போயின. வல்லம் தாண்டியதும் பாஞ்சாலி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு ஓட்டல்ல நான் சொன்னத அப்டியே சொன்னியா?"

"அப்டியேதான்க்கா சொன்னேன்."

"ஒரு வார்த்தகூட மாத்தல?"

"இல்லக்கா."

பாஞ்சாலி தலையை ஆட்டினாள். "அப்ப சரி. நான் வேணாம்னுதானே சொன்னேன். என் வாயிதான்." பிறகு, "பிஸ்கட் தட்டு நீட்டும்போதே சொல்லிக் குடுத்த. ஐஸ்கிரீமுக்குக் கரெட்டா சொன்னேன். இதுக்கும் அதே மாதிரிதான்னு எனக்குத் தோணல. தின்ற பொருளா இருந்தாத்தான் அப்டி போலன்னு இருந்துட்டேன்" என்றாள்.

லிடியா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க வேற ஒண்ணும் கேக்கலியா?" என்றாள் பாஞ்சாலி. "நான் வேணாம்னதும், ஏன் வேணாங்குறா, இன்னா சமாச்சாரம்னு ஒண்ணும் கேக்கலியா?"

கேள்வியில் சந்தேகம் எதுவும் இல்லை. தன்னை அந்த அம்மாள் அவ்வளவு லேசாக விட்டுவிட்டாரா என்ற வருத்தம் மட்டும்தான். லிடியா பதில் சொல்வதற்கு நேரம் நிறையவே இருந்தது. டிரைவர் வேகத்தடைக்காக வண்டியை மெதுவாக்கி, இரண்டாவது கியரில் ஏற்றி இறக்கி, மறுபடி வேகம் எடுத்தார்.

"இல்லக்கா" என்றாள் லிடியா. "ஒண்ணும் கேக்கல."

"ஒரு பேச்சுக்குக்கூட கேக்கல பாரு" என்றாள் பாஞ்சாலி. பிறகு, அவளே சமாதானம் சொல்வது போல, லிடியாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உடு. யாரோ அசலாருக்குப் போவறதுக்கு உனக்கு வந்துதே, அது போதும். போய்ட்டு நல்லபடியா வா."

வடக்குப்பட்டில் அவள் இறங்கினாள்.

2025 பிப்ரவரி 9 அன்று லிடியா சென்னை விமான நிலையத்திலிருந்து கிளம்பினாள். ஏப்ரலில் பாஞ்சாலி லைன் லீடர் பொறுப்பை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்து, உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும் என்று கேட்டு, பேக்கிங் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். இரண்டாம் லைனுக்குச் செங்கமலத்தை லீடராகப் போட்டார்கள். ஆகஸ்டில் லிடியா திரும்பி வந்து ட்ரெய்னராகப் பொறுப்பேற்றாள். ஸ்டாஃப் கிரேடுக்குத் தனி வேன் என்பதால் அந்தப் பஸ்ஸில் இப்போது அவள் போவதில்லை.